எஸ்தர் அத்தை சொல்ல மறுத்த இரண்டு வார்த்தைகள்

போன வியாழக்கிழமை மூன்றாவது பீரியடில் பியூன் வந்து என் பெயரைக் கூப்பிட்டார். அப்பா கேட்டில் நின்றிருந்தார். பகலில் பட்டறையை விட்டு வருகிறவர் அல்ல அவர். அறுபதடி ரோடு திரும்பும் வரை வேகமாக நடந்தார். பிறகு, "அத்த போய்ட்டா, ஜெனி" என்றார். மாட்டுங்கா ஸ்டேஷன் படியில் ஏறும்போது விழுந்தாராம். தூக்கி உட்காரவைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அத்தைக்கு வயது நாற்பத்தொன்று.

சபைப் பத்திரிகையில் மரித்தவர்களுக்கு ஒரு பக்கம் தருவார்கள். எஸ்தர் அத்தைக்காக யாரும் எழுதப்போவதில்லை என்று கேள்விப்பட்டேன். அதனால் நான் எழுதுகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. மாட்டுங்காவில் ஒரு மெடிக்கல் கடையில் பதினெட்டு வருடம் கவுண்டரில் நின்றார். எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் படித்துவிடுவார். எனக்கு ஏழு வயதிருக்கும்போது லீவு நாட்களில் என்னையும் கூட்டிப்போவார். பத்து மாத்திரை அட்டையில் நான்கு கேட்டு ஆள் வந்தால், காலாவதித் தேதி அச்சிட்ட பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்திலிருந்து கத்தரிப்பார். "தேதிய வெட்டிட்டா மிச்சத்த வாங்குறவன் எத நம்பித் திம்பான்?" என்பார்.

எனக்குப் பத்து வயதானபோது ஆண்டாப் ஹில்லில் இருந்த சித்தப்பா, அப்பாவின் தம்பி, தூக்கத்திலேயே இறந்தார். அவருக்கு வயது முப்பத்தெட்டு. அப்போதுதான் தாத்தாவின் அப்பாவான பூட்டனாரின் கதை எனக்குத் தெரிந்தது. ஊரில் வேதக்கோயில் பாத்திரம் ஒன்று காணாமற்போனதாம். பூட்டனார் வேதத்தின் மேல் கைவைத்து, பக்கத்து வீட்டுக்காரர் எடுத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று பொய்சாட்சி சொன்னாராம். அந்தக் குடும்பத்தை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். போகிறபோது அந்த வீட்டு அம்மாள் எங்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாராம்.

சாபம் நான்காம் தலைமுறை வரை வரும் என்று ஜெபக்குழுப் பிரதர் சொன்னார். அன்று இரவே விரல்விட்டு எண்ணிப்பார்த்தேன். பூட்டனார், தாத்தா, அப்பா, நான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் சாபமுறிவு ஜெபம். முன்னோரின் பாவத்தைத் தாளில் எழுதி நடுவில் வைப்பார்கள். குடும்பத்தில் ஒவ்வொருவரும் முழங்காலில் நின்று, தாளில் கைவைத்து, "நான் செய்தேன்" என்று சொல்ல வேண்டும். அத்தை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. போன மாதம் பிரதர் விடவில்லை.

"ரெண்டே வார்த்த, சிஸ்டர். சொல்லிருங்க."

"அவர் செய்தார்" என்றார் அத்தை.

"உங்க ரத்தத்துல இருக்கு, சிஸ்டர்."

"ரத்தத்துல சுகர் இருக்கும், பிரதர். பொய்சாட்சி இருக்குன்னு இன்னைக்கு வர எந்த ரிப்போர்ட்லயும் நான் பாத்ததில்ல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பாவின் முகம் கறுத்தது. "ஏட்டி, வாய மூடு. பிரதர்கிட்டயா வாயாடுத?"

"இல்லண்ணே. நம்ம தாத்தா செஞ்சது அநியாயம்தான். அந்தக் குடும்பத்துப் பிள்ளைங்க எங்க இருந்தாலும் சொல்லு, நான் போய் மன்னிப்புக் கேக்கேன். ஆனா நான் செஞ்சேன்னு ஆண்டவர் முன்னால சொன்னா, அது ரெண்டாவது பொய்சாட்சி ஆயிராதா?"

பிரதர் தாளை என் பக்கம் நகர்த்தினார். அடுத்தது என் முறை. பயத்தில் நான் "நான் செய்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஜெபம் முடிந்ததும் அத்தை என்னை வெளியே கூட்டிப்போய் வடாபாவ் வாங்கிக்கொடுத்தார். திட்டவில்லை. "அரே, பயந்துட்டியா? பரவால்ல, ஆண்டவருக்குத் தெரியும். பிறவிக் குருடனப் பாத்து, இவன் பாவமா பெத்தவங்க பாவமான்னு சீஷருங்க கேட்டாங்கல்லா? ரெண்டும் இல்லன்னு சொன்னவருதான அவரு" என்றார். அப்போதுதான் நான் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். பள்ளிக்கூட மாடிப்படி ஏறினால் நெஞ்சு குதிக்கிறது, கண் இருட்டுகிறது, அது சாபமா என்று கேட்டேன்.

அத்தை தின்பதை நிறுத்தினார். "எத்தன தடவ?" என்றார். பிறகு, தனக்கும் அப்படித்தான் இருந்தது என்றும், டெஸ்ட் எடுத்ததில் இதயச் சுவர் தடித்திருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். குடும்பத்தில் வருகிற நோய். சித்தப்பாவுக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும். "கேட்டுக்கோ, ஜெனி. பாட்டனார்ட்ட இருந்து மூக்கு வரும், சுகர் வரும், நெஞ்சுவலி வரும். குத்தம் வராது. வர்றதுக்கு வைத்தியம் பாக்கணும். வராததுக்கு ஏன் முழங்கால் தேய்க்கணும்?"

மறுவாரம் ஆஸ்பத்திரியில் நாள் வாங்கி இரண்டு சீட்டுகளை என்னிடம் தந்தார். ஒன்றில் என் பெயர், இன்னொன்றில் அப்பாவின் பெயர். வருகிற திங்கட்கிழமைக்கு. "ஞாயித்துக்கிழம நானே அண்ணன்ட்ட பேசுதேன். அதுவர நீ வாயத் திறக்காத" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வியாழக்கிழமை வந்துவிட்டது.

அடக்கத்தில் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் எஸ்தர் பிழைத்திருப்பாள் என்று. அப்பாவும் சொன்னார். சொல்லிவிட்டு மண் போடப்போனவர் பாதியில் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் மட்டும் அப்படி நினைக்கவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. முதலில் தாளில் கைவைக்க வேண்டியது நான்தான் என்று அம்மா சொன்னாள். வீட்டின் மேல்தட்டில் படுத்து, போன் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். கீழே அப்பாவின் குறட்டை ஒவ்வொரு முறை நிற்கும்போதும் என் பேனாவும் நின்றுவிடுகிறது. மறுபடி கேட்கும் வரை எண்ணுகிறேன். ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ என்றும் பயமாக இருக்கிறது. அத்தை இறந்துதானே போனார்?

ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெரிகிறது. பூட்டனார் சொன்ன பொய் அவருடையது. இந்தச் சீட்டை மறைத்து, அப்பாவுக்கு ஏதாவது ஆனால், அது என்னுடையது. அதை எந்தத் தலைமுறை மேலும் போட முடியாது.

அத்தை, கடைசியாகவும் நீங்கள் தேதி உள்ள பக்கத்தை வெட்டாமல் எங்களுக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். திங்கட்கிழமைத் தேதி போட்ட சீட்டு இரண்டும் என் காம்பஸ் பெட்டியில் இருக்கின்றன. அப்பா கோபப்படுவார், அடித்தாலும் அடிப்பார். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள். நான் ஏணியில் இறங்கி அப்பாவை எழுப்பப்போகிறேன்.