நிஸ்வாவுக்குப் போன சனிக்கிழமை

மஸ்கட்டுக்கு வந்த பதினோரு வருஷத்தில் நிஸ்வாவுக்குக் கூட்டிப் போகச் சொல்லி எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஓமானின் பழைய தலைநகரம் அது. கோட்டையும் வெள்ளிக் கடைகளும் உள்ள சின்ன ஊர். மஸ்கட்டின் ரூவி பகுதியிலுள்ள எங்கள் ஃபிளாட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான். "வெயில்ல அங்க என்னத்தைப் பார்க்கப் போற?" என்பார் கணவர்.

போன டிசம்பரில் அவருடைய தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் திருச்சியிலிருந்து வந்தார்கள். வந்த மூன்றாம் நாளே, "நாளைக்கு நிஸ்வா போறோம்" என்றார் கணவர். காலையில் எழுந்து, எங்கள் மகளையும் சேர்த்து ஐந்து பேருக்குப் புளிச்சோறு கட்டினேன்.

கோட்டைக்குள் அவர்தான் முன்னால் நடந்தார். எந்த அறிவிப்புப் பலகையையும் பார்க்கவில்லை. பேரீச்சம்பழ மூட்டைகளை அந்தக் காலத்தில் அடுக்கி வைத்த இருட்டறைக்கு நேராகக் கூட்டிப் போய், தரையிலிருந்த வாய்க்கால்களைக் காட்டினார். "மூட்டை கனத்துல பாகு கசிஞ்சு இதுல ஓடும். அதைக் கொதிக்க வெச்சு, படியேறி வர்ற எதிரி தலையில ஊத்துவாங்க." கோபுரப் படியில், "குனிஞ்சு வா, இங்க தலை இடிக்கும்" என்று தங்கையை எச்சரித்தார்.

நான் நின்றுவிட்டேன். "நீங்க முன்னாடியே இங்க வந்திருக்கீங்களா?"

"ஆபீஸுக்கு கெஸ்ட் வந்தா கூட்டிட்டு வருவோம்ல. நாலஞ்சு தடவை வந்திருப்பேன்."

சொல்லிக்கொண்டே ஏறினார். மறைத்திருந்தால்கூட, என்னை ஒரு பொருட்டாக நினைத்து மறைத்தார் என்று மனசைத் தேற்றியிருப்பேன்.

வெள்ளிக் கடையில் தங்கைக்கு ஒரு தடித்த வளையல் வாங்கினார். "உனக்கும் ஒண்ணு எடுத்துக்கோ."

"வேண்டாம்."

"எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? அதான் கூட்டிட்டு வந்துட்டேன்ல?"

நாத்தனார் எங்களைப் பார்க்காமல் வளையலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் டிரைவிங் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். ரோடு டெஸ்டில் இரண்டு முறை தோற்று, மூன்றாவதில் லைசென்ஸ் வாங்கினேன். அடுத்த விடுமுறை நாளில் மகளை மட்டும் ஏற்றிக்கொண்டு, நிஸ்வாவையும் தாண்டி பஹ்லா கோட்டை வரைக்கும் ஓட்டினேன். பெரிய கோட்டை. ஆனால் ரசித்துப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். நிறுத்திய இடம் சரிதானா, திரும்பும் வழி எது என்பதிலேயே மனம் இருந்தது. மகளும் பசிக்கிறது என்றாள். ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அவர், "வண்டியில கீறல் எதுவும் விழலையே?" என்றார். என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு, பார்த்துவிட்டு வரக் கீழே இறங்கிப் போனார்.