கணவனுக்கு ஒரு பூசை

சலவைக்கடையில் இஸ்திரி போடும் அக்காவின் இடது மணிக்கட்டு கோணலாக இருக்கும். குடித்துவிட்டு வந்த கணவன் ஒருநாள் முறுக்கியது. அவன் செத்த பிறகு அவனுக்காக ஒரு ஜெபமும் சொல்லாதவள், இந்த ஞாயிறு சர்ச்சில் அவன் ஆன்மாவுக்காகப் பூசை வைக்கப் பெயர் கொடுத்ததும் மகள் கொதித்துப்போனாள்.

“அந்த ஆளுக்கா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சாம்மா?”

“உங்கப்பா நேரா மோட்சத்துக்குப் போயிருந்தா எனக்கு வயிறு எரியும்டி. நரகம்னாலும் மனசு கேக்கல. பாவம் கழியற எடம், உத்தரிக்கிற ஸ்தலத்துல உக்காந்து, செஞ்சதையெல்லாம் நெனச்சு அழட்டும். அப்புறம் கடவுள் கூட்டிக்குவாரு.”

“அப்ப நீ மன்னிச்சிட்டியா?”

“இன்னும் முழுசா முடியல. கடவுளுக்கு என்னைவிடப் பெரிய மனசு. அதான் அவர்கிட்ட விட்டுட்டேன்.”

பூசையில் கணவன் பெயர் வாசிக்கப்பட்டபோது அவள் முழந்தாளிட்டு அழுதாள். மகள் முழந்தாளிடவில்லை, எழுந்து போகவும் இல்லை.