பொட்டு வைத்த ரேடியோ

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. திருச்சியில் ரேடியோ நிலையம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் சயன்ஸ் வாத்தியார். பள்ளி விட்டதும் நானும் என் சிநேகிதனும் ஆரப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கல் ரேடியோ செய்வோம். கம்பிச்சுருள், காதில் வைக்கும் குழல், பளபளக்கும் ஒரு ஈயக்கல், அதைத் தொட ஊசி மாதிரி ஒரு மெல்லிய கம்பி. எல்லாவற்றையும் சுருட்டுப் பெட்டியில் அடைத்து, எப்படிப் பொருத்துவது என்று படமும் போட்டு, எங்களைப் போன்ற பைத்தியங்களுக்குக் கொடுப்போம். மின்சாரமே வேண்டாம். கம்பி கல்லில் சரியான இடத்தைத் தொட்டால் பாட்டுக் கேட்கும். தொடாவிட்டால் அது வெறும் கல்தான்.

அந்தச் சமயத்தில் சோழவந்தானில் எனக்குப் பெண் பார்த்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். பார்த்ததுமே எனக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஒளிப்பானேன், ரயிலில் திரும்பும்போது வழியெல்லாம் இளித்துக்கொண்டே வந்தேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். பெண்ணின் அப்பாவுக்குத்தான் என் மேல் சந்தேகம். கம்பியைச் சுற்றிக்கொண்டு திரிகிற ஆள் குடும்பம் நடத்துவானா என்று ஊரெல்லாம் விசாரித்திருக்கிறார். கடைசியில் சொல்லி அனுப்பினார்: "அந்தப் பெட்டியக் கொண்டாந்து பேச வைக்கட்டும். பேசுனா வெத்தல பாக்கு மாத்திக்கிருவோம்."

பேசாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அம்மாவையும் சிநேகிதனையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கினேன். பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் பின்பக்கம் தென்னை மரங்களில் ஏரியல் கம்பி கட்டப் போனோம். திருச்சி தூரம் அதிகம், உயரமாகக் கட்டினால்தான் சரிப்படும். சிநேகிதன் மரத்தில் பாதியில் நின்றுகொண்டு, "கல்யாணம் ஒனக்கு, தொடை தேயிறது எனக்கா மாப்ள?" என்று கத்தினான்.

திரும்பி வந்து பார்த்தால் சாமான்கள் எல்லாம் தாம்பாளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பெண்ணின் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். புதுச் சாமானைப் பொட்டு வைக்காமல் யாராவது தொடுவார்களா? குழலுக்கு ஒன்று, சுருளுக்கு ஒன்று. கல் பளபளவென்று இருந்ததால் அதற்குத் தாராளமாக அப்பியிருந்தார். ஈயக்கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலே ரேடியோ ஊமையாகிவிடும். இதுவோ கெட்டிச் சந்தனம்!

எல்லாவற்றையும் பொருத்திக் கல்லைக் கம்பியால் குத்தினேன். மூச்சுப் பேச்சில்லை. வேறு இடத்தில் குத்தினேன். சந்தனம்தான் கம்பியோடு வந்தது. அக்கம்பக்கத்து ஜனம் முழுக்கக் கூடத்தில். கூட்டத்துக்கே கேட்கட்டும் என்று குழலைப் பித்தளைக் குடத்துக்குள் போட்டிருந்தேன். எல்லாரும் குடத்தையே பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"தொடச்சிரு மாப்ள" என்று சிநேகிதன் முணுமுணுத்தான். துண்டின் நுனியை எடுத்தேனோ இல்லையோ, அத்தை அலறினார்.

"பொண்ணு பாத்த வீட்டுல குங்குமத்த அழிக்கிறதா? ஏத்தா, இது என்ன கூத்து!"

பெண்ணின் அப்பா எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. துடைத்தால் அபசகுனம், துடைக்காவிட்டால் ஊமைப் பெட்டி. எப்படிப் பார்த்தாலும் பெண் கிடையாது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். பெண்தான். அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறப்பதே பெரிய விஷயம்.

"ஏத்தே, பொட்டு நெத்தியிலதான இருக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டும். கல்லப் பெரட்டி வச்சு முதுகுல குத்தச் சொல்லுங்க."

அத்தை யோசித்தார். பிறகு, "முதுகுலன்னா குத்தமில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். சயன்ஸ் வாத்தியாருக்கு இது தோன்றவே இல்லை, பாருங்கள்! கல்லைப் பிடித்திருந்த திருகைத் தளர்த்தி அதைப் புரட்டினேன். சுத்தமான முதுகு. கம்பியை மெல்ல நகர்த்தினேன்.

குடத்துக்குள் யாரோ இருமினார்கள்.

ஜனம் அத்தனையும் பின்னால் சாய்ந்தது. மறுபடியும் ஒரு இருமல், ஒரு கனைப்பு. அப்புறம்தான் வித்வான் பாட ஆரம்பித்தார். அத்தை குடத்தின் மேல் குனிந்து, "பாவம், தொண்ட கட்டியிருக்கு. சுக்குத்தண்ணி குடிச்சுட்டுப் பாடப்பா" என்றார் உரக்க. பெண்ணின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த வாயோடு, "வெத்தலத் தட்ட எடுத்தாங்க" என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. வீட்டில், பள்ளியில், சொந்தபந்தத்தில் எத்தனையோ தடவை துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு துடைக்கக் கிளம்பியிருக்கிறேன். யார் மனதையும் நோகடிக்காமல் காரியத்தை முடிக்க இன்னொரு பக்கம் இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அது எந்தப் பக்கம் என்பதை மட்டும் இன்றைக்கும் உள்ளே போய் அவளிடம்தான் கேட்டுக்கொண்டு வருகிறேன்.