கித்தார் வாங்க வந்தவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் கணவர் ரயில்வே கிராணி; ஆபீசில் கணக்கெழுதும் வேலை. கல்யாண வீடுகளிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் கித்தார் வாசிப்பார். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது அது. அப்போதே பழசு; ஆனாலும் ஒரு கீறல் கிடையாது. மேற்பலகை பிடிலைப் போல மேடாக வளைந்திருக்கும். வாசித்து முடித்தால் துடைக்காமல் பெட்டியில் வைக்க மாட்டார்.

அந்த வருஷம் அவருக்கு இடது கை நடுவிரலில் நகச்சுற்று வந்து சீழ் கட்டியது. புண் ஆறியது, விரல் மடங்கவில்லை. இரண்டு மாதம் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவர், ஒருநாள் சொன்னார்.

"அது வீட்ல இருக்கற வரைக்கும் இந்த விரலத் திட்டிக்கிட்டேதான் இருப்பேன். வித்துரு. ஆனா வர்றவன இங்க வாசிக்க விடாத. சத்தம் காதுல விழுந்தா குடுக்க மனசு வராது."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மணிலாக்காரர் ஒருவர் வந்தார். நடன பேண்டில் வாசிப்பவராம். என் கணவர் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் விறகு பிளக்கப் போய்விட்டார்.

வந்தவர் கித்தாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்னக் கண்ணாடியைத் துளை வழியாக உள்ளே விட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. வாசித்துப் பார்க்கலாமா என்று மலாயில் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாசிக்க விடாத கித்தாரில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நினைத்திருப்பார். "அப்படியென்றால் எனக்கு வேண்டாம்" என்று பெட்டியை மூடினார்.

இந்த ஆள் போனால் இன்னொருவர் எப்போது வருவார்? அந்த இரண்டு மாதத்தை மறுபடியும் என்னால் தாங்க முடியாது.

"வாசிங்க" என்றேன்.

தளர்ந்து கிடந்த தந்தியை அவர் வேகமாக முறுக்கினார். பின்பக்கம் விறகு பிளக்கும் சத்தம் நின்றது. பின்வாசலில் என் கணவர் நின்றார், கையில் பாராங்கோடு. மணிலாக்காரர் பாதி எழுந்துவிட்டார்.

இவர் பாராங்கைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "மெல்ல" என்று மலாயில் சொன்னார். "ரெண்டு மாசமாச்சு. கொஞ்சங் கொஞ்சமா ஏத்தணும்."

எதிரே உட்கார்ந்து வலது கையால் ஒவ்வொரு தந்தியாக இவரே ஏற்றிக் கொடுத்தார். மணிலாக்காரர் ஒரு பாட்டு வாசித்தார். இவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "ஈரம் படாம வெச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

காசு கைமாறி, பெட்டி வாசலைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"வாசிக்க விடாதன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"நல்லா வாசிக்கறான்."

மறுபடியும் விறகு பிளக்கப் போனார். அன்று இரவு சாப்பிடவில்லை. அந்த மணிலாக்காரர் எந்த ஹோட்டலில் வாசிக்கிறார் என்பதைப் பிறகு ஒருநாள் பாசாரில் காய்கறி வாங்கும்போது கேள்விப்பட்டேன். என் கணவர் அதை என்னிடம் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை.