தலை வெளுக்காத கருடன்

காலையில் திருச்சுழி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு மதினி கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கதான் பறவையெல்லாம் படம் புடிக்கிறீகளே. கோழிக்கூட்டு மேல உக்காந்திருக்கே, அது கருடனா பருந்தா?"

வெள்ளைத் தலை இல்லை. உடம்பெல்லாம் பழுப்பு. ஒரு படம் எடுத்துக்கொண்டு, "பருந்துதான் மதினி" என்றேன். பெரிய நிபுணன் அல்லவா நான்!

"அப்பக் குஞ்சு தூக்கத்தான் வந்திருக்கு" என்று கல்லை விட்டெறிந்தார். பறவை செத்து விழுந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்து படத்தைப் பறவை ஆர்வலர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். "இளம் கருடன். தலை வெளுக்க இன்னும் நாளாகும்" என்று பதில் வந்தது.

சாயங்காலம் வெள்ளைத் தலையோடு ஒரு கருடன் அதே கோழிக்கூட்டுக்கு மேலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தம்பி, சாமி நம்ம வீட்டத் தேடி வந்திருக்கு, கும்பிட்டுக்கங்க!"

கும்பிட்டேன். அது எதைத் தேடுகிறது என்று சொல்லவில்லை.

நீங்களாயிருந்தால் சொல்லியிருப்பீர்களா?