சிவப்பு என்றால் அழிக்கலாம்

ஆபீசில் கலர் கலராக மின்னும் என் கம்ப்யூட்டர் திரையைக் கடந்து போகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள். வீராம்பட்டினம் தேருக்கு லைட் போட்டாகிவிட்டதா என்று ஒருவர் கேட்பார். பெட்டிக்கடை வைத்திருக்கிறீர்களா என்று இன்னொருவர். நான் பதில் சொல்வதில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு இதற்கெல்லாம் வாயைத் திறக்க அலுப்பாக இருக்கிறது.

எங்கள் வேலையில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒன்றுமே கிடையாது. பிரான்சில் கல்யாண ஆல்பம் அச்சடிக்கும் ஒரு கம்பெனியின் படங்களைச் சேமித்துவைக்கும் சர்வர்களை இங்கே புதுச்சேரியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம். அவர்கள் ஆபீஸ் திறக்கும்போது எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் முன்னால் டெர்மினல் என்கிற கறுப்புத் திரை. அதில் ஒரு சின்னக் கட்டளையைத் தட்டினால், ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். பெயர்கள் பாதிக்கு மேல் பிரெஞ்சு. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு இந்த ஊர்த் தெருப்பெயர்ப் பலகை அளவுக்குத்தான். எத்தனையோ வருஷம் அந்தப் பெயர்களை வெள்ளை எழுத்தாகவே பார்த்துத் தேய்ந்துபோனேன்.

பிறகுதான் கலர் போட ஆரம்பித்தேன். எந்த வகைக் கோப்பு எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்று நம் கம்ப்யூட்டரில் நாமே எழுதிவைக்கலாம். புகைப்படம் என்றால் மஞ்சள். படங்களின் நகலைச் சுருக்கிக் கட்டிவைத்த பேக்கப் என்றால் நீலம். அதை யாரும் தொடக்கூடாது. வேலை முடிந்து கிடக்கும் குப்பைக் கோப்புகள் சிவப்பு. சிவப்பு என்றால் யோசிக்காமல் அழிக்கலாம். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. ரெட்டியார்பாளையம் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, இது கொஞ்சம் கருநீலம், இது வெளிர்நீலம் என்று மாற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி காபியை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். புடவைக்கடையில்கூட இவ்வளவு நேரம் நிற்காத ஆள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்து படங்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சின்னச் சித்திரம்: பேக்கப்புக்குப் பூட்டு, ஃபோல்டருக்கு உறை, குப்பைக்குத் தொட்டி. முதலில் ஒன்றும் தெரியவில்லை. வரிக்கு வரி வெற்றுக்கட்டம்தான் நின்றது. இந்தச் சித்திரங்கள் உள்ள ஃபாண்ட் வேறாம். அதைத் தேடி இறக்கி, போட்டு, ஆபீசிலும் வீட்டிலும் ஒன்றுபோல் தெரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்டால் அழகுக்கு என்பேன். நம்பித்தான் சொன்னேன். அந்த நாட்களில் எழுத்துகள் ஓரத்தில் கரைய ஆரம்பித்திருந்தன. திரை பழசு, ஏசி காற்று கண்ணில் படுகிறது, தூக்கம் போதவில்லை என்று நாளுக்கொரு காரணம் வைத்திருந்தேன். சர்க்கரை எனக்கு ரொம்ப காலமாக உண்டு. வருஷம் தவறாமல் கண்ணைக் காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவியும் சொல்லி அலுத்துவிட்டாள். இந்த மாதம் முடியட்டும் என்பது என் பதில். கண் போனால் இந்த வேலை போகும். வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது. அதனால்தான் நான் போகவில்லை என்பது இப்போது புரிகிறது. மாத்திரை அட்டைகளுக்கும் கலர் ரப்பர் பேண்ட் போட்டுவைத்தேன், காலைக்குச் சிவப்பு, ராத்திரிக்குப் பச்சை என்று. அதுவும் அழகுக்குத்தான்!

என் பக்கத்து நாற்காலியில் வேலை செய்கிற பெண் வீராம்பட்டினத்துக்காரி. அவள் அண்ணன்களின் மீன்பிடிப் படகு தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் நிற்கும். அதிகம் பேச மாட்டாள். என் திரையைக் கிண்டல் செய்யாத ஒரே ஆள் அவள்தான். எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் சர்வரில் எதையாவது அழிப்பதென்றால் தனியாகச் செய்யக்கூடாது. ஒருவர் தட்ட, இன்னொருவர் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும். கூடவே இன்னொரு விதி: அவர்கள் சர்வரில் நம் வசதிக்காக எதையும் மாற்றக்கூடாது.

ஒரு நாள் அந்தக் கம்பெனி தன் இன்னொரு சர்வரையும் எங்களிடம் ஒப்படைத்தது. இடம் நிரம்பிவிட்டது, குப்பையைத் துடைத்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் தட்ட உட்கார்ந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பழைய சர்வர்களை என் கம்ப்யூட்டர் வழியாகப் பார்ப்பேன். இதில் நேராக நுழைய வேண்டும், அதனால் என் கலரும் சித்திரங்களும் அங்கே வராது என்று தெரியும். வெறும் வெள்ளை எழுத்தாக வரப்போகிறதே என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. கட்டளையைத் தட்டினேன். கலர் வந்தது. அந்த சர்வரிலேயே யாரோ போட்டுவைத்த கலர். எனக்கு உயிர் வந்தது.

சிவப்பில் கொஞ்சம் பெயர்கள் இருந்தன. மவுஸால் பெயரின்மேல் இரண்டு தட்டு தட்டினால் அது பிடிபடும். அப்படியே அழிக்கும் கட்டளைக்குப் பின்னால் கொண்டுபோய் ஒட்டலாம். எழுத்துக்கூட்டித் தட்ட வேண்டிய தொல்லை இல்லை. சிவப்பு ஒவ்வொன்றையும் பிடித்துப் பிடித்து ஒட்டினேன். நல்ல வேகம். என்டர் மேல் விரல் போனது.

"அண்ணா, தட்டாதீங்க."

கையை எடுத்தேன். என்னம்மா என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே.

"கடைசியா ஒட்டுனீங்களே, அது என்ன பேரு? படிங்க."

திரையைப் பார்த்தேன். முன்னால் சாய்ந்தேன். மூக்கு திரையில் இடிக்கிற தூரம் வரைக்கும் போனேன். பட்டியலில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. அதில் எழுத்து இருந்திருக்க வேண்டும்.

நான் ஒட்டிய பெயர்களை அவளே மெதுவாகப் படித்தாள். ஒன்றுகூடக் குப்பை இல்லை. எல்லாமே கட்டிவைத்த பேக்கப். அந்த சர்வரில் பேக்கப்புக்குத்தான் சிவப்பு. நான் என்டர் தட்டியிருந்தால் எங்கோ யார் யாருடைய கல்யாணப் படங்களோ போயிருக்கும், கூடவே எங்கள் ஆபீசும். மாற்றிப் போட்டிருக்கிறான் பார் அந்த மடையன் என்று முகம் தெரியாத ஒருவனைத் திட்டினேன். மாற்றிப் போட்டவன் நான்தான், உலகத்தில் பாதி சர்வர்களில் சிவப்புக்கு அதுதான் அர்த்தம் என்பதை அவள் சொல்லவில்லை. வேறொன்று சொன்னாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

"தூரத்துல வரப்போ எங்க படகக் கலர வெச்சுதாண்ணா கண்டுபுடிப்போம். கிட்ட வந்துட்டா பேரப் படிப்போம். நீங்க கிட்ட வந்தும் கலரத்தான் பாக்கறீங்க. ரொம்ப நாளா பாத்துட்டிருக்கேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உடம்பு முழுக்க ஒரு களைப்பு இறங்கியது, பல வருஷமாக நின்றுகொண்டே இருந்தவன் உட்கார்ந்ததுபோல. ஒட்டிய பெயர்களையெல்லாம் கட்டளை வரியிலிருந்து எடுத்துவிட்டேன். பிறகு நிஜக் குப்பையை அவள் ஒவ்வொரு பெயராக வாசித்தாள், நான் தட்டினேன். சாயங்காலம் வரை இழுத்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்காதது எனக்கு விசித்திரமாகப் பட்டது.

காலையில் ஆஸ்பத்திரியில் இருட்டறைக்குள் உட்காரவைத்து, ஒரு கண்ணைப் பொத்தி, எதிரே பலகையைக் காட்டினார்கள். வெள்ளையில் கறுப்பு எழுத்து. ஒரு கலர் கிடையாது, ஒரு படம் கிடையாது. மேல் வரி வாசித்தேன். அடுத்த வரி தட்டுத்தடுமாறி வந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று சோதிக்கும் பெண் கேட்டாள்.

தெரியலம்மா என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததைக் கேட்க எனக்கே புதிதாக இருந்தது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். இப்பத்தான், ஒரு மாதமாக என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் மனைவி பேசினாள்.

"இவரு கம்ப்யூட்டர்ல கலர் போட ஆரம்பிச்சதுலேருந்து" என்றாள்.