சிக்கர் முனைக்கு நான் எழுதிய வழி

எங்கள் துறை நூலகத்தில், ஜன்னலோரமாக, ஸ்காட்லாந்துப் பாறைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கான வழிகாட்டிப் புத்தகங்கள் ஒரு தட்டு முழுக்க இருந்தன. மழைக்கோட்டுப் பையில் அடங்குகிற அளவு. பல புத்தகங்களின் அட்டையில் தேநீர்க் கறை, சிலவற்றில் காய்ந்த சேறு. அவற்றை எழுதியவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போல எழுதுவார்கள். தேவாலயத்தின் அருகே வண்டியை நிறுத்தவும். கேட்டைத் திறந்தால் மறக்காமல் மூடவும். காளை இருந்தால் சுற்றிப் போகவும். கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்கவும். சுத்தியலால் தட்ட வேண்டாம். இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் பாறையைப் பற்றி ஒரு வார்த்தை வரும். பாறையைவிட எனக்கு அந்தக் காளைதான் முதலில் பிடித்துப்போனது.

இரண்டாயிரங்களின் நடுவில், ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் நிலவியல் மேற்படிப்புக்குப் போயிருந்தேன். திருச்சியில் இளங்கலை முடித்துவிட்டு வந்தவள். டோர்ட்மண்டில் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவின் வீட்டில் வாடகைக்கு ஓர் அறை கிடைத்திருந்தது. அக்கா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்த்தார். பிள்ளைகள் வேறு ஊர்களில் படித்துக்கொண்டிருந்ததால் வீட்டில் என்னோடு பேசித்தான் அவருக்குப் பொழுது போகும். என் படிப்பை அவர் 'கல்லுப் படிப்பு' என்பார். கிண்டலாகத்தான் சொல்கிறார் என்று தெரியும். ஆனால் ஊரில் என் சித்தப்பாவும் அதையே கோபமாகச் சொல்லியிருந்ததால், கிண்டல் எனக்கு ஆறுதலாக இருந்தது.

எங்கள் துறையில் கோடைதோறும் ஒரு களப்பயணம் உண்டு. அந்த வருடம் ஸ்காட்லாந்து. புறப்படுவதற்கு முன்பே ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் இடத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த இடத்தைப் பற்றி, போகும் வழியிலிருந்து பாறையின் வயது வரை, நாமே எழுதித் தர வேண்டும். எல்லோர் பக்கங்களையும் சேர்த்துப் பச்சை அட்டை போட்டால் அந்த வருடத்து வழிகாட்டி தயார். பிறகு அங்கே போய், பாறையின் முன்னால் நின்று, அவரவர் இடத்தை அவரவர் விளக்க வேண்டும். விளக்கினால்தான் 'ஷைன்' என்கிற சான்றுச் சீட்டு. அது இல்லாமல் ஆய்வேட்டைப் பதிவு செய்ய முடியாது. பதிவு செய்யாவிட்டால் படிப்பு நகர்கிறது என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை, அடுத்த விசா நீட்டிப்பு சிக்கலாகிவிடும். வகுப்பில் மற்றவர்களுக்கு அது ஒரு சீட்டு. எனக்கு அதுதான் தலையெழுத்து.

எனக்கு விழுந்த இடம் சிக்கர் முனை. எடின்பரோவுக்குக் கிழக்கே கடலோரம். கீழே சாம்பல் நிறப் பாறை அடுக்குகள், அலமாரியில் வைத்த புத்தகங்கள் மாதிரி செங்குத்தாக நிற்கும். அவற்றின் தலையைச் சீவிவிட்டு, அதன்மேல் சிவப்பு மணற்கல் சாவகாசமாகச் சாய்ந்து படுத்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் கோடிக்கணக்கான ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. உலகத்துக்கு இவ்வளவு வயதா என்று மனிதர்கள் வாயைப் பிளந்தது இப்படிப்பட்ட இடங்களில்தான். வகுப்பில் பொறாமைப்பட்டார்கள். நானும் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன்.

நூலகத்தில் அந்த முனையைப் பற்றி இருந்த எல்லா வழிகாட்டிகளையும் இறக்கிவைத்துக்கொண்டு எழுதினேன். ஒன்றில் கஜக் கணக்கு, இன்னொன்றில் மீட்டர். ஒன்று பண்ணை வீட்டில் கேட்டுவிட்டுப் போ என்றது, புதியது கேட்க வேண்டாம், அறிவிப்புப் பலகை இருக்கிறது என்றது. எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இடிந்த தேவாலயத்திலிருந்து புல் சரிவு வரைக்கும் வழியை எழுதினேன். எந்தக் கையைக் கீழ்ப் பாறையிலும் எந்தக் கையை மேல் பாறையிலும் வைக்கலாம் என்பது உட்பட எழுதினேன். படித்த பேராசிரியர் "நன்றாக வந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிய விஷயம்.

அதற்குப் பிறகுதான் பிடித்தது சனி. பிரிட்டனுக்குப் போக எனக்குத் தனி விசா வேண்டும், ஜெர்மன் அனுமதி அங்கே செல்லாது. பேராசிரியருக்கு இது தெரியவே தெரியாது. வாழ்நாளில் எந்த எல்லையிலும் நின்றறியாத மனிதர். எனக்குத் தெரியும், நேரத்தோடு விண்ணப்பமும் போட்டேன். ஆனால் என் ஜெர்மன் அனுமதியே சீக்கிரம் முடியப்போகிறது, முதலில் அதை நீட்டித்துக்கொண்டு வா என்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை நீட்டிக்க இங்கே அலுவலகத்தில் கிடைத்த முதல் டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், களப்பயணப் பேருந்து கிளம்பிய பிறகு வருகிற ஒரு தேதியில்தான் இருந்தது. யாரையும் திட்டக்கூட வழியில்லை. அவரவர் விதியை அவரவர் சரியாகத்தான் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தேன்.

"என்ன பிள்ளை, முகம் தொங்குது?" என்றார் அக்கா.

சொன்னேன்.

"கல்லுப் பாக்கிறதுக்கும் விசாவோ? கல்லை என்ன, களவெடுத்துக்கொண்டு வரப்போறீரோ?"

"அக்கா, ஜோக் அடிக்காதீங்க. இந்த சர்டிஃபிகேட் இல்லன்னா எனக்கு ஒரு செமஸ்டர் வேஸ்ட். அப்புறம் விசா எக்ஸ்டென்ஷனுக்கு எதைக் காட்டுவேன்?"

அக்காவின் முகம் மாறிவிட்டது. வெளிநாட்டவர் அலுவலகத்தின் நாற்காலிகளில் அவர் உட்கார்ந்து காத்திருந்த காலம் என் வயதில் பாதி இருக்கும். "இந்த விசாப் பாடு உமக்கு விளங்காது எண்டு நினைச்சன். உமக்கும் விளங்கிட்டுது," என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய்த் தேத்தண்ணி வைத்தார்.

மறுநாள் பேராசிரியரின் அறைக்குப் போனேன். வெயிலானாலும் பனியானாலும் ஒரே பழுப்பு ஜாக்கெட் போடுகிற மனிதர் அவர். குரலை உயர்த்தமாட்டார், அதனாலேயே அவரிடம் கெஞ்சுவது கஷ்டம். எழுதவேண்டியதை எழுதிவிட்டேன், அதை வைத்துச் சீட்டுத் தரக்கூடாதா என்று கேட்டேன்.

"முடியாது," என்றார். "களத்தில் நின்று பேச வேண்டும். அதுதான் விதி."

"களத்துக்குத்தான் என்னை விடமாட்டேன் என்கிறார்களே."

"இதேபோன்ற இடைவெளி தெரிகிற வேறொரு பாறையைக் கண்டுபிடியுங்கள். இங்கேயே. அதற்கு ஒரு வழிகாட்டி எழுதுங்கள். நாங்கள் திரும்பி வந்ததும் எல்லோரும் அங்கே வருகிறோம். பேசுங்கள். பார்க்கலாம்."

தருகிறேன் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார். அறையை விட்டு வெளியே வந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஜாக்கெட்டைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது. பேருந்து கிளம்பிய அன்று வழியனுப்பவும் போகவில்லை. பச்சை அட்டைப் புத்தகத்தில் என் பக்கங்கள் ஏறிப் போயின, நான் அறையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன்.

ஆனால் பாறை கிடைத்துவிட்டது. தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பக்கத்து நகரத்தில் ஒரு பூங்கா. முன்பு அங்கே நிலக்கரி எடுத்தார்கள், பிறகு செங்கல் சூளைக்கு மண் வெட்டினார்கள், கடைசியில் மரம் வைத்துப் பூங்காவாக்கிவிட்டார்கள். வெட்டிய பள்ளத்தின் சுவரில், நிலக்கரிக் காலத்துப் பாறை சாய்ந்து நிற்கிறது. அதன்மேல் பிற்காலத்துக் கடல் கொண்டுவந்து போட்ட பச்சை மணல் கிடையாகப் படுத்திருக்கிறது. நடுவே இருபது கோடிக்கும் அதிகமான ஆண்டுகளைக் காணவில்லை. இதெல்லாம் நூலகத்தில் ஒரு பழைய ஜெர்மன் வழிகாட்டியில் படத்தோடு இருந்தது. உட்கார்ந்து, ஸ்காட்லாந்துக்கு எழுதிய அனுபவத்தையெல்லாம் இறக்கி, அருமையாக எழுதி முடித்தேன். எழுதிய வேகத்தில் ஆத்திரம்கூடக் கொஞ்சம் அடங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு நடை போய் வந்துவிடலாம் என்று கிளம்பினேன். அக்காவுக்கும் அன்று வேலை இல்லை.

"நானும் வாறன். உந்தக் கல்லை ஒருக்கா நானும் பாக்கத்தானே வேணும்," என்று, ரொட்டியில் சம்பல் வைத்துச் சுற்றிக்கொண்டு, நல்ல சேலை கட்டி, மேலே குளிர்கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார்.

டிராமை விட்டு இறங்கியதும் தாள்களை அக்காவிடம் நீட்டினேன். ஜெர்மன் அவருக்கு என்னைவிட நன்றாக வரும். "நீங்க படிச்சுக்கிட்டே முன்னாடி போங்க அக்கா. நான் வாயே திறக்க மாட்டேன். நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்கன்னா கைடு ஓகே."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோயில் வீதியில் நடப்பது போல நிதானமாக நடந்தார். முதல் திருப்பத்திலேயே நின்றார். "இடது பக்கம் செங்கல் சூளைப் புகைபோக்கி எண்டு எழுதியிருக்கு. எங்க பிள்ளை?"

புகைபோக்கி இல்லை. எப்போதோ இடித்திருக்கிறார்கள். அடுத்து, திறந்த சரிவு வழியே இறங்கவும் என்றிருந்த இடத்தில் கம்பி வேலி, அதன்மேல் முள்கொடி. சுவர் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும் என்றிருந்த இடத்தில் பெரிய பெரிய மரங்கள், பாதியை மறைத்து நின்றன. அக்கா விடாமல் தேடிக்கொண்டு போனார். கடைசியில் ஓரிடத்தில் நின்று, தாளைப் பார்த்து, எதிரே பார்த்து, திருப்தியோடு கையைக் காட்டினார்.

"இந்தா. கீழ ஒரு நிறம், மேல வேற நிறம், நடுவில கோடு. சரிதானே?"

அவர் காட்டியது நகராட்சி கட்டிய கான்கிரீட் தடுப்புச் சுவர். நான் எழுதியதற்கு அது அட்சரம் பிசகாமல் பொருந்தியது.

சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. அங்கிருந்த மர பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேர டிராம் தூரத்தில் இருக்கிற இடத்தை, வந்து பார்க்காமல், யாரோ எப்போதோ பார்த்து எழுதிய புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறேன். இதற்கு விசா வேண்டியிருக்கவில்லை, டெர்மின் வேண்டியிருக்கவில்லை. வாசற்படியைத் தாண்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"இது வந்து பாக்காமல் எழுதினதோ?" என்றார் அக்கா. தலையாட்டினேன். "சரி, சாப்பிடும். சாப்பிட்டுட்டுப் பாப்பம். கல்லு எங்கயும் ஓடாது."

சாப்பிட்டோம். பிறகு வேலியைச் சுற்றி, நாயோடு நடக்கிறவர்கள் போட்டுவைத்திருந்த ஒற்றையடிப் பாதையில் பள்ளத்துக்குள் இறங்கினோம். மரங்களுக்குப் பின்னால் அந்தக் கோடு இருந்தது. கீழே கரும்பாறை, ஈரமாக, சாய்ந்த அடுக்குகளுக்கு நடுவே ஒரு நிலக்கரிப் பட்டையோடு. மேலே பச்சையும் சாம்பலும் கலந்த மண்கல், நகத்தால் கீறினால் உதிர்ந்தது. இரண்டுக்கும் நடுவே உருண்டைக் கற்கள் சில ஒட்டிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு காலத்தில் அலை புரண்டிருக்கிறது. எந்தப் புத்தகத்திலிருந்தும் அது எனக்கு இப்படிப் புரிந்ததில்லை. பழைய தாள்களின் பின்பக்கத்திலேயே, நின்றபடி, எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன். டிராமிலிருந்து வழி, வேலி, நாய்ப் பாதை, வழுக்குகிற இடம், எந்த இரண்டு மரங்களுக்கு நடுவே நின்றால் தெரியும் என்பது. அடுத்தடுத்த நாட்களில் தனியாகவும் போய்ச் சரிபார்த்தேன்.

குழு திரும்பி வந்து, கடலோர வெயிலில் மூக்கெல்லாம் தோலுரிந்து, ஒரு சனிக்கிழமை காலை டிராமை விட்டு இறங்கியது. அக்காவும் வந்திருந்தார், கூட்டத்துக்குப் பின்னால், பிளாஸ்குடன். பேராசிரியர் என் தாளை வாங்கிக்கொண்டு, என்னைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, அதைப் படித்துக்கொண்டே முன்னால் நடந்தார். வேலியில் திரும்பினார். வழுக்குகிற இடத்தில் மற்றவர்களை எச்சரித்தார். நேராகப் போய் அந்த இரண்டு மரங்களுக்கு நடுவே நின்றார்.

பேசினேன். என் ஜெர்மன் அங்கங்கே இடறியது. உருண்டைக் கற்கள் எப்படி வந்தன என்று ஒருவன் கேட்டான், காட்டினேன். எல்லோரையும் ஒரு கையைக் கீழேயும் ஒரு கையை மேலேயும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார்கள். பேசி முடித்தேன். எல்லோரும் பேராசிரியரைப் பார்த்தார்கள்.

"சிக்கர் முனையில் உங்கள் பக்கங்களை நான்தான் வாசித்தேன்," என்றார் அவர். "ஓர் இடத்தில்கூட வழி தவறவில்லை. பாறையைப் பற்றியும் தவறே இல்லை. பார்க்காதவர் எழுதியது என்று யாராலும் சொல்ல முடியாது. வாசிக்க வாசிக்க எனக்குக் கவலையாகப் போய்விட்டது. இவர் பார்த்து எழுதினாரா, பார்க்காமல் எழுதினாரா என்பது இனி எனக்கு எப்படித் தெரியும் என்று."

கையிலிருந்த என் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"இந்த நாய்ப் பாதை எந்தப் புத்தகத்திலும் கிடையாது," என்றார்.

பிறகு திரும்பி, முஷ்டியை மடக்கி, விரல் முட்டியால் பாறையைத் தட்டினார்.

ஜெர்மன் வகுப்புகளில் கை தட்டுவது கிடையாது. பேச்சு நன்றாக இருந்தால் மேசையைத்தான் தட்டுவார்கள். பள்ளத்தில் மேசை இல்லை. அவரைப் பார்த்து எல்லோரும் அருகே வந்து, அவரவருக்குக் கிடைத்த இடத்தில், கரும்பாறையிலும் பச்சைக் கல்லிலும் தட்டத் தொடங்கினார்கள். கல்லில் பெரிதாகச் சத்தம் எழவில்லை. மண் மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவும் இல்லை.

அக்கா பதறிப்போய்க் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என்ன பிள்ளை, அழுறீர்? ஏன் எல்லாரும் கல்லுக்குக் குத்தினம்? பெயில் ஆக்கிட்டாங்களோ?"

"இல்லக்கா. பாஸ்."

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார், பேராசிரியரை ஒருமுறை பார்த்தார். பிளாஸ்கை என் கையில் கொடுத்துவிட்டு, கோட்டின் கையை மேலே தள்ளிக்கொண்டு, அவரும் போய் இரண்டு தட்டுத் தட்டினார்.